கண்ணுக்குத் தெரியாத கதிரை அளக்கும் கருவிகள்

கை ஒடிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். இருமல் நாள்பட்டால் மார்பை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். நீங்களும் எடுத்திருக்கலாம். அப்போது எக்ஸ்ரே எடுப்பவரின் சட்டையைக் கவனித்தீர்களா? மார்புப் பக்கம் ஒரு சிறிய பிளாஸ்டிக் கூடு குத்தியிருக்கும். பெயர் அட்டை என்று பலரும் நினைப்பார்கள். அது பெயர் அட்டை அல்ல. அது ஓர் அளவுக் கருவி.

அது எதை அளக்கிறது? எக்ஸ்ரே கதிரை அளக்கிறது. அந்தக் கதிர் உடம்புக்குள் புகுந்து வெளியே போகிறது. வலிக்காது. சுடாது. வாசனை கிடையாது. நமக்கு எப்போதோ ஒரு தடவைதான் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அந்தச் சிறிய அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. டாக்டர் எடுக்கச் சொன்னால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எக்ஸ்ரே எடுப்பவர் தினமும் அந்த அறையில் வேலை செய்கிறார். சுவருக்குப் பின்னால் நின்றாலும் அவர்மேல் கொஞ்சம் கதிர் படலாம். இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று அது பல வருடம் சேர்ந்தால் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. சேருவது உடம்புக்குத் தெரியாது. உடம்பு சொல்லாததைக் கருவி சொல்ல வேண்டும்.

அந்தக் கூட்டுக்குள் மூன்று சிறிய வெள்ளை வில்லைகள் இருக்கின்றன. அவற்றில் இருப்பது கால்சியம் சல்பேட். எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டிலும் இருப்பது இதே கால்சியம் சல்பேட்தான். வில்லையில் அதனுடன் டிஸ்புரோசியம் என்ற பொருளைத் துளி அளவு சேர்த்திருக்கிறார்கள். கதிர் பட்டால் இந்த வில்லை அதன் சக்தியில் ஒரு பங்கைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும். சூடாக்கினால் அந்தச் சக்தி வெளிச்சமாக வெளியே வரும். வெளிச்சம் அதிகமாக இருந்தால் பட்ட கதிரும் அதிகம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வில்லையை அனுப்பி, சூடாக்கி, வெளிச்சத்தை அளந்து, கணக்கு எழுதுகிறார்கள். நம் நாட்டில் கதிர் உள்ள இடங்களில் வேலை செய்பவர்கள் இந்த வில்லையைத்தான் அணிகிறார்கள்.

இதே வேலையைப் பூமிக்கு 400 கிலோமீட்டர் மேலே செய்ய வேண்டியிருந்தால்? அங்கே மூன்று மாதம் காத்திருக்க முடியுமா?

மேலே என்ன இருக்கிறது?

நமக்கு இரண்டு போர்வைகள் உண்டு. ஒன்று காற்று. இன்னொன்று பூமியின் காந்த சக்தி. இரண்டும் சேர்ந்து விண்வெளியிலிருந்து வரும் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. விண்கலத்தில் போகிறவர் காற்றுப் போர்வையை விட்டு வெளியே போகிறார். சந்திரனுக்குப் போகிறவர் காந்தப் போர்வையையும் தாண்டிப் போகிறார்.

அங்கே மூன்று வகைக் கதிர் உண்டு. தொலைவில் உள்ள நட்சத்திர வெளியிலிருந்து எப்போதும் வந்துகொண்டே இருப்பது ஒன்று. சூரியனில் வெடிப்பு நடக்கும்போது திடீரென்று பாய்ந்து வருவது இரண்டாவது. மூன்றாவது, பூமியின் காந்தத்தில் சிக்கிக்கொண்டு பூமியைச் சுற்றி வளையமாக நிற்கும் துகள்கள்.

துணியை மீட்டரில் அளக்கிறோம். பாலை லிட்டரில் அளக்கிறோம். உடம்பில் பட்ட கதிரை மில்லி சீவர்ட் என்ற அளவில் சொல்கிறார்கள். சீவர்ட் என்பது ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஒருவரின் பெயர். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 மில்லி சீவர்ட், அல்லது அதற்கும் குறைவு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக ஒரு மனிதருக்கு ஒரு வருடத்தில் சேருவது, உலகச் சராசரியில், 2.4 மில்லி சீவர்ட். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரே நாளில் சேருவது சுமார் 0.5 முதல் 0.7 மில்லி சீவர்ட் வரை. அதாவது நமக்கு ஒரு வருடத்தில் சேருவது அவர்களுக்கு நான்கைந்து நாளில் சேர்ந்துவிடுகிறது.

பூஜ்யம் காட்டிய கருவி

1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா தன் முதல் செயற்கைக்கோளை அனுப்பியது. அதன் பெயர் எக்ஸ்ப்ளோரர் 1. அதில் மனிதர் யாரும் இல்லை. ஒரு கைகர் குழாய் இருந்தது. வாயு அடைத்த சிறிய குழாய் அது. ஒரு துகள் உள்ளே புகுந்தால் ஒரு துடிப்பு வரும். துடிப்பை எண்ணினால் எத்தனை துகள் வந்தது என்று தெரியும். ஜேம்ஸ் வான் ஆலன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் அதைச் செய்து கொடுத்திருந்தார்கள்.

செயற்கைக்கோள் தாழ்வாகப் பறக்கும்போது எதிர்பார்த்த எண்ணிக்கை வந்தது. மிக உயரத்துக்குப் போனபோது கருவி பூஜ்யம் காட்டியது. ஒரு துகள்கூட இல்லையாம்! கருவி கெட்டுவிட்டதா, அல்லது அங்கே உண்மையிலேயே கதிர் இல்லையா?

குழுவில் இருந்த கார்ல் மக்கில்வெய்ன் என்ற இளைஞர் ஒரு காரியம் செய்தார். அதே மாதிரிக் குழாயை எடுத்து எக்ஸ்ரே இயந்திரத்தின் முன் வைத்தார். கதிரைக் கூட்டிக்கொண்டே போனார். ஓர் அளவுக்கு மேல் போனதும் குழாய் எண்ணுவதை நிறுத்திவிட்டது. பூஜ்யம்!

சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிப்பவரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவராக வந்தால் கிழித்து எண்ணுவார். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தள்ளிக்கொண்டு நுழைந்தால் அவரால் ஒரு டிக்கெட்டைக்கூடக் கிழிக்க முடியாது. கையில் கிழித்த சீட்டு இல்லை என்பதற்காக ஆளே வரவில்லை என்று சொல்லலாமா? மேலே கதிர் இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறி இருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் போன எக்ஸ்ப்ளோரர் 3 இதை உறுதி செய்தது. பூமியைச் சுற்றியுள்ள கதிர் வளையங்கள் இப்படித்தான் தெரியவந்தன. வான் ஆலன் வளையங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது.

மனிதர்கள் விண்வெளிக்குப் போவதற்கு மூன்று வருடம் முன்பே இது தெரிந்தது நல்லதாயிற்று. கருவி காட்டும் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு வரை அதனால் எண்ண முடியும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்று இதில் புரிந்தது.

சந்திரனுக்குப் போனவர்கள்

1968 முதல் 1972 வரை அமெரிக்காவின் அப்போலோ கலங்களில் மனிதர்கள் போனார்கள். ஒவ்வொருவரும் இரண்டு விதமான அளவிகளை அணிந்திருந்தார்கள். ஒன்று பேசாத அளவி. அது கதிரைச் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும். பூமிக்குத் திரும்பிய பிறகுதான் அதைப் படிக்க முடியும். இன்னொன்று எண் காட்டும் அளவி. கையடக்கமான பெட்டி அது. வீரர்கள் அந்த எண்ணைப் பார்த்து, எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பதோடு சேர்த்து ரேடியோவில் ஹூஸ்டன் நிலையத்துக்குச் சொல்வார்கள். அங்கே நேற்றைய எண்ணைக் கழித்துப் பார்ப்பார்கள். நம் வீட்டு மின்சார மீட்டரைப் படிக்கிற அதே கணக்குதான்.

அப்போலோ 11 போய் வந்தவர்களுக்குச் சராசரியாகச் சேர்ந்தது 0.18 ராட். ராட் என்பது பழைய அளவு. அப்போலோ 14 போய் வந்தவர்களுக்குச் சேர்ந்தது 1.14 ராட். இரண்டும் எட்டு ஒன்பது நாள் பயணம்தான். ஆனால் ஆறு மடங்கு வித்தியாசம். அப்போலோ 14 போன பாதை வளையத்தின் அடர்த்தியான பகுதிக்கு அருகே போனது. பாதை மாறினால் அளவும் மாறும் என்று கருவி காட்டிக் கொடுத்தது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அப்போலோ 11 பயணத்தில் பஸ் ஆல்ட்ரின் இருட்டில் இருந்தபோது மின்மினிபோல வெளிச்சப் பொட்டுகளைப் பார்த்தார். பிறகு போனவர்களும் பார்த்தார்கள். கண்ணை மூடியிருந்தாலும் தெரிந்தது. விண்வெளித் துகள்கள் கண்ணுக்குள் புகுந்து போவதால் வரும் வெளிச்சம் அது. உடம்பு ஏதோ சொல்லத்தான் செய்கிறது. ஆனால் எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை.

1972 ஏப்ரல் மாதம் அப்போலோ 16 திரும்பி வந்தது. டிசம்பரில் அப்போலோ 17 புறப்பட்டது. இடையில் ஆகஸ்ட் 4 அன்று சூரியனிலிருந்து மிகப் பெரிய துகள் புயல் வந்தது. அந்த நாளில் யாராவது சந்திரன் தரையில் நடந்துகொண்டிருந்தால் கடுமையாக நோய்வாய்ப்பட்டிருக்கக் கூடும். நல்ல வேளை, அந்த நாளில் அங்கே யாரும் இல்லை. நல்ல வேளையை நம்பிக்கொண்டு அடுத்த பயணத்துக்கு ஆளை அனுப்ப முடியாது அல்லவா?

பட்டாம்பூச்சி

சோவியத் நாடு விண்வெளியில் நிலையங்களை நிறுவியது. மனிதர்கள் அங்கே மாதக் கணக்கில் தங்கினார்கள். அவர்களிடம் ஆஸ்பத்திரி வில்லையைப் போன்ற அளவிகள் இருந்தன. ஆனால் அவற்றைச் சூடாக்கிப் படிக்கும் இயந்திரம் பூமியில் இருந்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்பிய பிறகு, "உங்களுக்கு நான்காவது மாதத்தில் அதிகமாகக் கதிர் பட்டுவிட்டது" என்று சொல்லி என்ன பயன்? அதைக்கூடச் சொல்ல முடியாது. எல்லா மாதமும் கலந்து ஒரே எண்தான் வரும்.

ஹங்கேரி நாட்டு விஞ்ஞானிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். புடாபெஸ்ட் நகரில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சிறிய கருவி செய்தார்கள். அதற்குப் பில்லே என்று பெயர் வைத்தார்கள். ஹங்கேரி மொழியில் பட்டாம்பூச்சி போன்ற சிறு பூச்சியின் பெயர் அது. கனமில்லாத கருவிக்குப் பொருத்தமான பெயர்தான்.

பில்லேயில் இரண்டு பகுதிகள். ஒன்று, பேனா போன்ற அளவி. அதற்குள் ஒரு கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள் டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட். ஆம், நம் ஆஸ்பத்திரி வில்லையில் இருக்கும் அதே பொருள்! இரண்டாவது பகுதி, படிக்கும் பெட்டி. அளவியைப் பெட்டிக்குள் செருகினால், உள்ளே மின்சாரம் பாய்ந்து பொருள் சூடாகும். வெளிச்சம் வரும். பெட்டி அதை அளந்து எண்ணாகக் காட்டும். சூடானதும் பழைய கணக்கு அழிந்துவிடும். அழித்த சிலேட்டு மாதிரி அளவி மறுபடி தயார். தூரத்தில் இருந்த பெரிய இயந்திரத்தைச் சிறிதாக்கி ஆளுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இதுதான் இதில் உள்ள பெரிய விஷயம்.

1980 மே மாதம் பெர்த்தலான் ஃபர்காஷ் என்ற ஹங்கேரி வீரர் சல்யூத் 6 நிலையத்துக்குப் போனார். அவர் நாட்டிலிருந்து விண்வெளிக்குப் போன முதல் மனிதர் அவர். அங்கே பில்லேயை இயக்கினார். 1984-இல் அமெரிக்க விண்வெளி ஓடத்தில் சாலி ரைட் என்ற பெண் வீரரும் பில்லேயைப் பயன்படுத்தினார். அமெரிக்காவும் சோவியத் நாடும் பகைத்துக்கொண்டிருந்த காலம் அது. இருந்தாலும் ஒரே கருவி இரண்டு நாட்டுக் கலங்களிலும் போனது.

பிறகு மீர் நிலையத்துக்கும், சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் பில்லே போயிற்று. வெளியே போய் வேலை செய்யும் ரஷ்ய வீரர்கள் பேனா போன்ற அந்த அளவியை விண்வெளி உடையில் வைத்துக்கொண்டு போவார்கள். உள்ளே வந்ததும் பெட்டியில் செருகிப் பார்ப்பார்கள். இந்த ஒரு தடவை வெளியே போனதற்கு எவ்வளவு என்று அப்போதே தெரிந்துவிடும். பெட்டிக்குள்ளேயே ஓர் அளவியை விட்டுவைத்தால் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகவே படித்துக்கொள்ளும். நிலையம் பூமியை ஒரு முறை சுற்ற ஆகும் நேரமும் ஏறக்குறைய அதுதான். பிரேசில் நாட்டுக் கடலோரத்துக்கு மேலே கதிர் வளையம் தாழ்ந்து வருகிறது. நிலையம் அந்தப் பக்கம் போகும்போது அளவு ஏறுகிறது. அதனால் வெளியே போய்ச் செய்யும் வேலைகளை அந்த நேரத்தைத் தவிர்த்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

மணலும் கல்லும்

ஒரு படி மணலை உங்கள் தோளில் மெதுவாகக் கொட்டினால் வலிக்காது. அதே எடையுள்ள ஒரு கல் விழுந்தால்? எடை ஒன்றுதான். காயம் ஒன்றல்ல. விண்வெளிக் கதிரும் இப்படித்தான். லேசான துகளும் உண்டு, இரும்பு அணு போன்ற கனத்த துகளும் உண்டு. கனத்தது உடம்பின் உயிரணுவுக்கு அதிகக் கெடுதல் செய்யும். ஆனால் வில்லை அதைச் சரியாக எண்ணாது. குறைத்தே காட்டும்.

அதற்கு ஒரு பிளாஸ்டிக் துண்டை வில்லையோடு சேர்த்து வைக்கிறார்கள். மூக்குக் கண்ணாடி செய்யும் அதே பிளாஸ்டிக்தான். கனத்த துகள் அதைத் துளைத்துப் போனால் கண்ணுக்குத் தெரியாத தடம் விழும். பூமிக்கு வந்த பிறகு அதைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊற வைக்கிறார்கள். சோப்புச் செய்பவர்களுக்கு இந்தக் காஸ்டிக் சோடா தெரியும். அது தடம் விழுந்த இடத்தை மற்ற இடத்தைவிட வேகமாக அரித்துக் குழியாக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் குழிகளை எண்ணுவார்கள். பொறுமை வேண்டிய வேலை.

நியூட்ரான் என்ற இன்னொரு துகளுக்குக் கனடா நாட்டார் ஒரு குப்பி செய்தார்கள். விரல் நீளக் கண்ணாடிக் குப்பி. உள்ளே கூழ். கூழில் நுண்ணிய திரவத் துளிகள். நியூட்ரான் பட்டால் துளி குமிழியாகிவிடும். சோடா பாட்டிலில் வரும் குமிழி மாதிரி. ஆனால் மேலே போகாமல் கூழிலேயே நிற்கும். எண்ண வேண்டியதுதான். உடனே எண் காட்டும் மின்னணு அளவிகளும் பல வந்துவிட்டன. 1988-இல் பல்கேரியா நாட்டார் மீர் நிலையத்தில் வைத்த லியுலின் என்ற கருவி அவற்றில் ஒன்று.

கையும் காலும் இல்லாத பொம்மை

மார்பில் குத்திய அளவி தோலுக்கு மேலே என்ன படுகிறது என்று சொல்கிறது. வயிற்றுக்குள்? எலும்புக்குள்? உயிரோடு இருப்பவரின் வயிற்றுக்குள் அளவியை வைக்க முடியாது. அதனால் ஒரு பொம்மை செய்தார்கள். தலையும் உடலும் உண்டு. கையும் காலும் இல்லை. ரொட்டியை நறுக்கியது போல 33 துண்டுகளாகச் செய்து, உள்ளே ஆயிரக்கணக்கான சிறு வில்லைகளை வைத்து அடுக்கினார்கள். ரஷ்யாவின் மரப்பொம்மையின் பெயரை அதற்கு வைத்தார்கள்: மத்ரோஷ்கா.

2003 அக்டோபர் கடைசியில் சூரியப் புயல் வந்தது. விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் மைக்கேல் ஃபோல், அலெக்சாந்தர் கலேரி என்ற இருவர். கதிர் குறைவாகப் படும் பின்பகுதிக்குப் போய் ஒதுங்கி இருக்கும்படி அவர்களுக்குச் சொன்னார்கள். 2004 பிப்ரவரியில் அதே இருவர்தான் நிலையத்துக்கு வெளியே போய் மத்ரோஷ்காவை மாட்டினார்கள். 2005 வரை பொம்மை வெளியிலேயே இருந்தது.

பிறகு வில்லைகளைப் படித்தார்கள். விடை சற்று ஆறுதல் தந்தது. நிலையத்துக்குள் இருப்பவருக்கு மார்பு அளவி காட்டுவது, உடம்பு முழுவதும் கணக்கிட்டுப் பார்த்த அளவைவிடச் சுமார் 15 சதவீதம் அதிகம். வெளியே வேலை செய்பவருக்கு 200 சதவீதத்துக்கும் மேல் அதிகம். உடம்பே தன் உள் உறுப்புகளுக்குக் கொஞ்சம் மறைப்பாக இருக்கிறது.

கணக்கு எதற்கு?

இந்த எண்களை வைத்துத்தான் ஒருவர் மறுபடி விண்வெளிக்குப் போகலாமா என்று முடிவு செய்கிறார்கள். ரஷ்யாவும் ஐரோப்பாவும் வாழ்நாளுக்கு 1,000 மில்லி சீவர்ட் என்று எல்லை வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் முன்பு வயதைப் பொறுத்தும், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தும் எல்லை மாறியது. பெண்களுக்கு எல்லை குறைவு. அதனால் அவர்கள் போகக்கூடிய நாட்களும் குறைவு. 2022-இல் நாசா இதை மாற்றி, எல்லோருக்கும் 600 மில்லி சீவர்ட் என்று வைத்தது.

செவ்வாய்க்குப் போனால்? 2011-இல் புறப்பட்ட கியூரியாசிட்டி கலத்துக்குள் ஓர் அளவி இருந்தது. ஆள் இல்லை. வழியில் ஒரு நாளைக்கு 1.8 மில்லி சீவர்ட் என்று அது காட்டியது. போக 180 நாள், வர 180 நாள் என்றால் சுமார் 650. செவ்வாயில் தங்கும் நாட்களை இன்னும் சேர்க்கவே இல்லை. ஒரே பயணத்தில் எல்லை தாண்டிவிடுகிறது. ராக்கெட் இருந்தால் மட்டும் செவ்வாய்க்குப் போய்விட முடியாது என்பது இந்த எண்ணில் தெரிகிறது.

2022 நவம்பர் 16 அன்று ஆர்ட்டெமிஸ் 1 என்ற பயணத்தில் ஓரியன் கலம் ஆள் இல்லாமல் சந்திரனைச் சுற்றப் போனது. உள்ளே பெண் உடல் வடிவத்தில் இரண்டு பொம்மைகள் இருந்தன. ஹெல்கா, ஸோஹர் என்று பெயர். ஸோஹருக்கு மட்டும் கதிர் தடுக்கும் சட்டை போட்டிருந்தார்கள். கலத்தின் சுவரிலும் அளவிகள் இருந்தன. கலம் கதிர் வளையத்தைக் கடந்தபோது ஒரு முறை பக்கவாட்டில் திரும்பியது. உடனே உள்ளே கதிரின் அளவு பாதியாகக் குறைந்தது. புதிதாகச் சுவர் எதுவும் கட்டவில்லை. கலம் திரும்பியதால் கனமான பக்கம் கதிருக்கு எதிரே வந்தது. அவ்வளவுதான். அளந்துகொண்டே போனதால் இது தெரிந்தது.

பயிற்சி

1. நம் நாட்டு வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று புறப்பட்டு, விண்வெளி நிலையத்தில் 18 நாள் தங்கினார். ஒரு நாளைக்கு 0.6 மில்லி சீவர்ட் என்று வைத்துக்கொண்டால், 18 நாளுக்கு எவ்வளவு? பூமியில் நமக்கு அவ்வளவு சேர எத்தனை வருடம் ஆகும்?

2. ஒரு கருவி பூஜ்யம் காட்டுகிறது. அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம்? எக்ஸ்ப்ளோரர் 1 கதையைப் படித்துச் சொல்லுங்கள்.

3. அடுத்த முறை எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது, எடுப்பவர் வில்லை அணிந்திருக்கிறாரா என்று பாருங்கள். அதைக் கடைசியாக எப்போது படிக்க அனுப்பினார்கள் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை நான்கு வரியில் எழுதுங்கள்.